நான்காம் விதிப்படி

பிப்ரவரி 5, புதன். திண்டுக்கல்

நாளைக் காலை புறப்படுகிறோம். சித்தரேவு வழியாகப் பெரும்பாறை, அங்கிருந்து தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கொடைக்கானல். கடைசி நாள் பழனிக்கு இறக்கம். சாமான்களுடன் கோட்டைச்சாமியின் வேன் பின்னால் வரும்.

பயணிகள் நால்வர். எல்லோரும் அறுபதை ஒட்டியோ தாண்டியோ இருப்பவர்கள். நான், ஓய்வுபெற்ற உரிமையியல் நீதிபதி. ஹபிபுல்லா, பெயிண்ட் கடை உரிமையாளர். உடல் கனம், பேச்சு ஓயாது. சவரிமுத்து, ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர்; மனைவியை இழந்தவர். நான்காமவர் என் மனைவி சுலோச்சனா, எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

சுலோச்சனா சைக்கிள் ஓட்டக் கற்றது சென்ற ஆடி மாதத்தில்தான். கற்றுக்கொடுத்தவர் சவரிமுத்து, ரயில்வே மைதானத்தில், தம் மகளின் பழைய கியர் சைக்கிளில். அவ்வாறு கற்றுக்கொடுக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டவன் நானே. எனக்கு அப்போது முதுகுப் பிடிப்பு. உண்மைகள் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

இன்று மாலை சவரிமுத்து வந்து அவளுக்கு ஒரு ஜோடிக் கையுறை கொடுத்தார். மலையில் குளிரும் என்றார். எனக்கும் மலையில் குளிரும். ஆட்சேபிக்க எதுவுமில்லை.

அவள் இரண்டு சைக்கிளின் சங்கிலிக்கும் எண்ணெய் போட்டாள். என்னுடையதற்கு நான் காலையிலேயே போட்டுவிட்டேன். சொல்லவில்லை.

எங்கள் குழுவுக்கு விதிகள் உண்டு. எழுதியவன் நான். நான்காவது விதி இப்போது முக்கியம்: ஒவ்வொரு நாளும் முதல் ஏற்றத்தின் உச்சிக்கு முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்து சேர்பவர்கள் அன்றைக்கு ஓர் இணை, மூன்றாவதும் நான்காவதும் மற்றோர் இணை, இணையில் ஒருவர் மற்றவரை மாலைவரை கண்பார்வைக்கு அப்பால் விடலாகாது. சென்ற ஆண்டு சிறுமலைப் பாதையில் ஹபிபுல்லா தனியே விழுந்து, நாங்கள் திரும்பித் தேடிப்போகும்வரை புதரோரம் கிடந்தார். அதன் பிறகு இயற்றப்பட்டது. வேகத்தில் ஒத்தவர்களை இணைத்தால்தான் ஒருவர் மற்றவருக்குப் பாரமாக மாட்டார்கள் என்பது என் வாதம். அப்போது சுலோச்சனா குழுவில் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன். பெரும்பாறை

சித்தரேவு வரை சமவெளி. இரு பக்கமும் தென்னந்தோப்பு, காற்றும் எதிர்க்கவில்லை. மலையடிவாரத்தில் டீ குடித்தோம். நான் இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

முதல் ஏற்றம் முடிந்த இடத்தில் வந்து சேர்ந்த வரிசை: சவரிமுத்து, சுலோச்சனா, நான், ஹபிபுல்லா. எனவே இணைகள் தாமாகவே அமைந்தன.

நானும் ஹபிபுல்லாவும் அவர்களுக்குக் கீழே ஏறி வந்துகொண்டிருந்தோம். மலைப்பாதையின் இயல்பு என்னவென்றால், முன்னால் போகிறவர்கள் மறைந்து போவதில்லை. ஒரு வளைவு தாண்டியதும் தலைக்கு மேலே, நமக்கு எதிர்த்திசையில், போய்க்கொண்டிருக்கிறார்கள். சுலோச்சனா மஞ்சள் சட்டை அணிந்திருந்தாள். காப்பிச் செடிகளுக்கு இடையில் அது நன்றாகத் தெரிந்தது.

"ஜட்ஜய்யா, மேல பாக்காதீங்க. மேல பாத்தா கால் செத்துரும். ரோட்டப் பாத்து மிதிங்க" என்றார் ஹபிபுல்லா.

"எதிர்ல வண்டி வருதான்னு பாக்குறேன்."

"எந்த வண்டி? மஞ்சச் சட்டை போட்ட வண்டியா? அது போயி ரெண்டு வளைவு ஆச்சே!"

 சிறிது நேரத்தில் மேலிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. தியேட்டரில் முன்வரிசையில் இருப்பவர்கள் இரண்டு விரலை வாயில் வைத்து அடிப்பார்களே, அந்த வகை. மலை முழுக்க எதிரொலித்தது. அடுத்து ஒரு பேருந்து இறங்கி வந்தது. பிறகு மேலே இருவர் சிரிக்கும் சத்தம்.

பெரும்பாறைக்குப் போய்ச் சேர்ந்ததும் கேட்டேன். "யாரு விசில் அடிச்சது? நீங்களா?"

"நானா? டீச்சருங்க ஜட்ஜய்யா!" என்றார் சவரிமுத்து. "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல எனக்கு எந்த ரயில் கார்டும் இப்பிடி ஊதினது இல்ல."

சுலோச்சனா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "பெல்லடிச்சா பஸ்ஸுக்காரனுக்குக் கேக்கலைங்க" என்றாள்.

அறைக்கு வந்த பின் எங்கே கற்றாய் என்று விசாரித்தேன். சிறு வயதில் அவள் அப்பாவின் கொய்யாத் தோப்பில் கிளி விரட்டக் கற்றதாம்.

"இத்தன வருஷத்துல எனக்குத் தெரியாதே."

"வீட்டுக்குள்ள எதுக்குங்க விசில் அடிக்கணும்?"

பதிலில் தர்க்கப் பிழை இல்லை. ஆயினும் என் மனைவிக்குச் சீழ்க்கை அடிக்கத் தெரியும் என்ற செய்தி, எனக்கு முன்பே சவரிமுத்துவுக்கு எட்டியிருக்கிறது.

மாலையில் காலுறைகளைத் துவைத்து, விடுதிக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்றில் காயப்போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் காப்பிக் கொட்டை உலர்த்தும் களம். அங்கே அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒளிந்து கேட்கவில்லை. கயிறு அங்கேதான் கட்டப்பட்டிருந்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள பேரு குடுக்கணும் டீச்சர். மெட்ராஸ்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஜூன்ல இமயமலையில மணாலிலேருந்து லே வரைக்கும் சைக்கிள்ல, ரெண்டு வாரம். எல்லாம் நம்ம வயசுதான். நாலஞ்சு லேடீஸும் வர்றாங்க."

"இவருக்கு அந்த ஹைட் ஆகாதுண்ணே. டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு."

"நான் உங்களத்தான கேக்குறேன்."

 களத்தில் யாரோ கொட்டையைக் காலால் தள்ளிவிடும் ஓசை கேட்டது. பிறகு, "யோசிக்கிறேண்ணே" என்றாள்.

அவள் அவரை அண்ணன் என்று அழைக்கிறாள். முறைச்சொல் எதையும் நிரூபிப்பதில்லை, எதையும் மறுப்பதுமில்லை.

ஞாயிறு வரை காலம் இருக்கிறது. அவளாகவே என்னிடம் சொல்வாள். நான் கேட்கப்போவதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. பண்ணைக்காடு

அவள் சொல்லவில்லை.

காலையில் இட்லி வருவதற்குள் ஒரு விதித்திருத்தத்தை முன்மொழிந்தேன். "குழுவில் கணவன் மனைவி இருப்பின், வேகம் எதுவாயினும், அவர்களே இணையாகக் கருதப்படுவர்." காரணமாக, அவசர மருத்துவச் சூழலில் முடிவெடுக்கும் உரிமை பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

ஹபிபுல்லா தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப நானும் சவரி மாப்ளயும் ஒரு ஜோடியா? இவன் பறந்து போயிருவான். நான் திரும்பவும் பொதருலதான் கெடக்கணும். ஜட்ஜய்யா, எனக்காகப் போட்ட சட்டத்த எனக்கே வெட்டுறீங்களே!"

"பாய் சொல்றது நியாயந்தான்" என்றார் சவரிமுத்து. "அதுவுமில்லாம, டீச்சர் ஒங்களுக்காகப் பைய மிதிச்சா அவங்களுக்கு முட்டி பிடிச்சுக்கிரும். ஏத்தத்துல அவங்கவங்க வேகந்தான் நல்லது."

"ஓட்டுக்கு விடலாம்" என்றேன்.

திருத்தத்துக்கு ஆதரவாக ஒரு கை உயர்ந்தது. அது என் கை. எதிராக மூன்று. மூன்றாவது கை உயரும் முன் ஒரு கணம் தயங்கியது. அதைப் பதிவு செய்வது நியாயம். ஆனால் உயர்ந்தது.

"கோவமா?" என்று சைக்கிளை எடுக்கும்போது கேட்டாள்.

"ஓட்டுன்னா ஓட்டுதான். இதுல கோவப்பட என்ன இருக்கு?"

எஞ்சியிருந்த ஒரே வழி விதிக்கு உட்பட்டு நடப்பது. இன்றைய முதல் ஏற்றம் பெரும்பாறையிலிருந்து தடியன்குடிசை வரை. நான் முதல் இருவரில் ஒருவனாகச் சேர்ந்தால் போதும். தொடக்கத்திலிருந்தே எழுந்து நின்று மிதித்தேன். முதலில் சவரிமுத்துவைத் தாண்டினேன். அடுத்த வளைவில் சுலோச்சனாவைத் தாண்டினேன். "ஏங்க, பைய! பைய!" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. காதில் இரத்தம் அடித்துக்கொண்டிருந்ததால் நிற்கவில்லை. உச்சிக்கு நானே முதலாவதாக வந்தேன். சாலையோரச் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்து, வாய் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்து வருபவரைப் பார்த்தேன்.

சவரிமுத்து.

சுலோச்சனா எனக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயந்து வேனை நிறுத்திக் கோட்டைச்சாமியிடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அதனால் மூன்றாவது. ஹபிபுல்லா நான்காவது. ஆக, என்னுடைய விதிப்படி, மாலைவரை என் இணை சவரிமுத்து; என் மனைவியின் இணை ஹபிபுல்லா.

"ஜட்ஜய்யாவுக்கு என்ன வேகம் இன்னைக்கி!" என்று ஹபிபுல்லா கைதட்டினார். "காலைல அந்த இட்லில என்னத்தப் போட்டான்?"

தாண்டிக்குடி வழியாகப் பண்ணைக்காடு வரை சவரிமுத்துவோடு வந்தேன். மிளகுக் கொடி ஏறிய மரங்கள், வாழை, இடையிடையே ஆரஞ்சு. அவர் எனக்குப் பின்னால், ஒரு சக்கரம் விட்டு, ஒரே சீராக வந்தார். நான் நிதானித்தால் நிதானித்தார். பேசவே இல்லை. வெகுநேரம் கழித்து நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"சுலோச்சனாவோட வர்றப்ப என்ன பேசிக்கிட்டு வருவீங்க?"

"என்னத்த பேசுறது? ஏத்தத்துல பேசுனா மூச்சு போயிருமே. அவங்க முன்னாடி போவாங்க, நான் பின்னாடி வருவேன். பள்ளம் வந்தா கையக் காட்டுவாங்க."

"சிரிச்ச சத்தம் கேட்டுச்சு."

"நேத்தா? ஒரு கொரங்கு, மேல முந்தி வந்து நின்ன கோட்டைச்சாமி வேன்ல இருந்து சீப்போட வாழப்பழத்த எடுத்துக்கிட்டு ஓடுச்சு."  பிறகு தாமாகவே கேட்டார். "லே டிரிப்பு விஷயம் டீச்சர் ஒங்ககிட்டச் சொன்னாங்களா?"

"இல்ல."

"சொல்லச் சொன்னேன். அவரு வேண்டாம்னா சொல்லப்போறாருன்னு கேட்டேன். வேண்டாம்னு சொல்ல மாட்டாரு, காரணம் கேப்பாருன்னாங்க."

இதை நான் மறுக்க முயன்றேன். மறுக்கத் தொடங்கிய வாக்கியம், "அப்படிச் சொன்னதுக்கு என்ன காரணம்" என்று ஆரம்பித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அப்போது எங்களுக்குக் கீழே, மரங்களுக்குப் பின்னால், சுலோச்சனா சிரிப்பது கேட்டது. ஹபிபுல்லா ஏதோ நீளமாகச் சொல்ல, அவள் மூச்சுத் திணறிச் சிரித்தாள். சிரிப்புக்குச் சவரிமுத்துதான் காரணம் என்று நேற்று எழுதவில்லை. ஆனால் அப்படித்தான் அனுமானித்திருந்தேன். அந்த அனுமானத்துக்கு இனி ஆதாரம் இல்லை. அவள் எல்லோருடனும் சிரிக்கிறாள். நேற்றும் இன்றும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டபோதெல்லாம் நான் தொலைவில் இருந்தேன் என்பது தற்செயலாக இருக்கலாம்.

பண்ணைக்காட்டில் அறை சிறியது, வெந்நீர் உண்டு. மாலை டீக்குச் சவரிமுத்து நாளைய பாதையைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். ஊத்து என்ற இடத்தில் கொடைக்கானல் சாலையில் சேர்ந்து, பெருமாள்மலை வழியாக ஒரே ஏற்றம். சுலோச்சனா இந்த ஏற்றத்துக்காகவே மாதக்கணக்காகத் தயாராகிறாள். விடியலில் எழுந்து சிறுமலை அடிவாரம் வரை போய் வந்ததெல்லாம் இதற்குத்தான். குச்சி போன வழியெல்லாம் அவள் கண்ணும் போயிற்று.

"நாளைக்கி இத ஏறிட்டா டீச்சர், அப்பறம் ஒங்களுக்கு எந்த மலையும் பயமில்ல" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பின்

முட்டி வலிக்கிறது என்று அவளிடம் சொன்னேன். காலையில் அவ்வளவு வேகமாக ஏறியதால் நம்பும்படி இருந்தது. எந்த முட்டி என்று கேட்டாள். வலது என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள். நாளை நான் வேனில் வருகிறேன், நீ போய்க்கொள் என்றேன். ஒரு முறைதான் சொன்னேன்.

"ஒங்கள வேன்ல போட்டுட்டு நான் எப்பிடிங்க போறது? நானும் வர்றேன்" என்றாள்.

இரண்டாம் முறை நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி. கொடைக்கானல்

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் சவரிமுத்துவும் ஹபிபுல்லாவும் சைக்கிளில் கிளம்பினார்கள். எங்கள் இரண்டு சைக்கிளும் வேனின் மேல் கட்டப்பட்டன. சுலோச்சனா மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தாள். கையுறையையும் போட்டிருந்தாள். வேனில் போவதற்கு அவை தேவையில்லை. நான் குறிப்பிடவில்லை.

ஊத்து தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. அவள் எனக்கு இடப்பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் விரும்பியது இதுதான்: நாள் முழுக்க அவள் என் பக்கத்தில். சாலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் வலது கை விரல்கள் மடியில் அசைந்தன. கியர் மாற்றும் அசைவு. அவளுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

வழியில் மற்ற இருவரையும் தாண்டினோம். அவள் ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். "டீச்சர், உள்ள ஏசி இருக்கா?" என்று ஹபிபுல்லா கத்தினார். அவள் சிரிக்கவில்லை.

பெருமாள்மலையை நெருங்கும்போது பையிலிருந்து முட்டிக்குப் போடும் எலாஸ்டிக் பட்டையை எடுத்தாள். "காலக் குடுங்க" என்றாள். நான் அவள் பக்கம் இருந்த காலை நீட்டினேன். அவள் பட்டையை மாட்டினாள். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, இதமாக இருக்கிறது என்றேன். வலி எப்படி என்றாள். பட்டை போட்டதும் குறைந்திருக்கிறது என்றேன். என் காலைத் தன் மடியிலிருந்து மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"நேத்து வலது முட்டின்னீங்க."

நான் குனிந்து பார்த்தேன். பட்டை இடது முட்டியில் இருந்தது.

முப்பதாண்டுக்கு மேல் மற்றவர்களின் சாட்சியத்தில் இத்தகைய முரண்களைக் கண்டுபிடித்தவன் நான்.  "ரெண்டுலயும்..." என்று தொடங்கினேன்.

"வேண்டாங்க." அவள் குரல் உயரவில்லை. "பரிச்ச அன்னைக்கி வயித்துவலின்னு வர்ற பிள்ளைகள முப்பது வருஷம் பாத்தவ நான். அதுக கூட எந்தப் பக்கம்னு ஞாபகம் வச்சிருக்கும்."

கோட்டைச்சாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சாலையை மட்டும் பார்த்தார்.

"எதுக்குங்க?" என்றாள். "எதுக்கு இப்பிடிச் செஞ்சீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. இங்கே அதற்கு விளக்கம் எழுதுவதாகவும் இல்லை. அவள் காத்திருந்தாள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதில் சொல்லவேண்டியவன் பக்கம் எப்படி இருக்கும் என்பது தெரியாமலே இருந்திருக்கிறது.

"கோட்டைண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்றாள். "என் சைக்கிள எறக்கிக் குடுங்க."

பெருமாள்மலைக் கடைகளுக்குச் சற்று முன்னால் வேன் நின்றது. கொடைக்கானலுக்கு இனிக் கொஞ்ச தூரம்தான். அதை ஓட்டித் தீர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சைக்கிளைக் கீழ்நோக்கித் திருப்பினாள்.

"அங்கிட்டு எங்க போற?"

"ஊத்துக்கு. ஆரம்பத்துலேருந்து ஏறணும்."

"சுலோச்சனா, மணி என்ன ஆகுதுன்னு பாத்தியா? முக்கால்வாசி ஏத்தம் வந்தாச்சு. மீதிய மட்டும்..."

"நான் எங்க வந்தேன்? வேன்தான் வந்துச்சு."

போய்விட்டாள். முதல் வளைவுக்கு அப்பாலிருந்து அந்தச் சீழ்க்கை கேட்டது.

கோட்டைச்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னங்கய்யா செய்யட்டும்? திருப்பட்டுமா?"

"திருப்புங்க."

நாங்கள் இறங்கும் வழியில் சவரிமுத்துவும் ஹபிபுல்லாவும் சாலையோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஜட்ஜய்யா, டீச்சர் எதையாச்சும் தொலச்சுட்டாங்களா? கீழ போறாங்க!" என்றார் ஹபிபுல்லா. சவரிமுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாய், நம்ம பாட்டுக்குப் போவோம்" என்று சொல்லி மிதிக்கத் தொடங்கினார். அவர் அவளோடு திரும்பிப் போகவில்லை. போயிருக்கலாம். அவரைப் பற்றி இதையும் எழுதியாக வேண்டும்.

ஊத்தில் அவள் ஒரு காலை ஊன்றி நின்று, ஒரு வாழைப்பழம் தின்று, தோலைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி ஏறத் தொடங்கினாள். வேன் பின்னால் போயிற்று.

"முந்திப் போயி மேல நின்னுக்கிரலாமாங்கய்யா?"

"வேண்டாம். பின்னாடியே போங்க. ஹாரன் அடிக்காதீங்க."

என் மனைவி மலை ஏறுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. மேலே நகரும் ஒரு மஞ்சள் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது மதியம் முழுக்கப் பார்த்தேன். அவள் முதுகு அசைவதில்லை. இடுப்புக்குக் கீழேதான் எல்லாம் நடக்கிறது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுகிறாள். வளைவின் உள்பக்கம் செங்குத்து என்பதால் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகிறாள். பேருந்து வந்தால் ஓரத்து மண்ணில் இறங்காமல் தார் விளிம்பிலேயே நூல் பிடித்தாற்போல் போகிறாள். ஓரிடத்தில் மிகவும் மெதுவாகி, சைக்கிள் ஆடியது. நான் கதவைத் திறக்கப் போனேன். அவள் எழுந்து நின்று, ஒரு காலுக்கு மறு காலாக உடலை மாற்றிப் போட்டு, அந்த இடத்தைக் கடந்து, மறுபடி உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் பின்னால் வருவது தெரிந்தும் பார்க்கவில்லை. அவள் எனக்காகவும் ஏறவில்லை, எனக்கு எதிராகவும் ஏறவில்லை. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

"என்னாங்கய்யா இது, இந்த வயசுல!" என்று கோட்டைச்சாமி ஒரு தடவை சொன்னார். 

நான்காம் விதிப்படி அவள் தனியே போகக் கூடாது. நான் அவளைக் கண்பார்வைக்குள் வைத்திருந்தேன். எனவே விதி மீறப்படவில்லை என்றே கருதுகிறேன்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் மற்ற இருவரும் காத்திருந்தார்கள். அவள் நிற்கவில்லை. அவர்கள் பின்தொடர்ந்தார்கள். வெயில் மங்கும் முன் கொடைக்கானலுக்குள் நுழைந்தோம். அவள் முன்னால், அவர்கள் பின்னால், எல்லோருக்கும் பின்னால் வேனில் நான்.

"ஜட்ஜய்யாவுக்கு முட்டி எப்பிடி இருக்கு டீச்சர்?" என்று ஹபிபுல்லா கேட்டார்.

"அவரையே கேளுங்கண்ணே" என்றாள்.

பரவாயில்லை என்றேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். முதுகு என் பக்கம்.

பிப்ரவரி 9, ஞாயிறு. பழனி

காலையில் அறையில் அவள் இல்லை. ஏரிக்கரையில் ஒரு கடைப் பெஞ்சில், கையில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். பனி நீர் மேல் படிந்திருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விலகிப் போகவுமில்லை, நகர்ந்து இடம் தரவுமில்லை.

"நேத்து நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல."

"ம்."

"எனக்குப் பொறுக்கல."

டீயை ஊதினாள். "எது? சவரி அண்ணன் கூட நான் போறதா?"

ஆம் என்று சொல்லியிருந்தால் எளிது. அந்த வழக்குக்குத்தான் புதன்கிழமையிலிருந்து நான் ஆதாரம் சேர்த்துவந்தேன்: கையுறை, சிரிப்பு, காப்பிக் களம். எல்லாம் வரிசையாகவே இருந்தன. ஆனால் நேற்று மதியம் சவரிமுத்து அந்தச் சாலையிலேயே இல்லை. அவள் மட்டும் இருந்தாள். அப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர இல்ல. உன்ன."

அவள் திரும்பினாள்.

"நீ ஏறிப் போறது எனக்குப் பொறுக்கல. நான் கீழ கெடந்து மூச்சு வாங்குறேன், நீ பாட்டுக்குப் போற. நான் இல்லாம ஒனக்கு ஒன்னும் கொறையல. அதுதான். வேற காரணம் இல்ல."

  கடைக்காரர் எனக்கு ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார். அவள் அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அவருன்னு சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள், "இன்னைக்கே நான் மட்டும் பஸ்ஸ ஏறி ஊருக்குப் போயிருப்பேன்."

"தெரியும்."

"தெரியாது ஒங்களுக்கு." சற்று நேரம் ஏரியைப் பார்த்தாள். "ஜூன்ல லேக்குப் போறேங்க. சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். நேத்து அந்த ஏத்தத்துல முடிவு பண்ணிட்டேன்."

எனக்குள் கேள்விகள் எழுந்தன. உயரம், மருத்துவமனை, காப்பீடு, பொறுப்பு யாருடையது. ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. டீயைக் குடித்தேன்.

"போ" என்றேன்.

"மனசாரத்தான் சொல்றீங்களா?"

"இல்ல."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். நான் பார்வையை மாற்றவில்லை. "சரி" என்றாள். "இப்பிடியே சொல்லுங்க இனிமே. முட்டி, முதுகெல்லாம் வேண்டாம்."

சவரிமுத்துவும் ஹபிபுல்லாவும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். "அண்ணே, என் பேரக் குடுத்துருங்க" என்றாள் சுலோச்சனா. சவரிமுத்து அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அது சம்மதம் அல்ல. அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது என்பதற்கான ஒப்புகை.

"ரெண்டு பேரும் இமயமலைக்கா?" என்றார் ஹபிபுல்லா. "ஜட்ஜய்யா, அப்ப அந்த ரெண்டு வாரமும் நீங்களும் நானுந்தான் ஜோடி. கவலப்படாதீங்க, பொதருல விழுந்தா ஒன்னாவே விழுவோம்."

பழனி வரை இறக்கம். ஏற்றமில்லாத நாளுக்கு விதி எதுவும் நான் எழுதியிருக்கவில்லை. இணை என்று எவருமில்லை. அவள் முதல் வளைவிலேயே போய்விட்டாள். நான் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே மரங்களுக்கிடையில் மஞ்சள் தெரியும், மறையும், இன்னும் கீழே தெரியும். ஓரிடத்தில் வேகம் கூட்டினால் எட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பழனியில் அவளுக்குப் பின் நெடுநேரம் கழித்து வந்து சேர்ந்தேன். ஒரு கடை நிழலில், காலை நீட்டி, ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னை எதிர்பார்த்திருந்ததற்கான அறிகுறி எதுவுமில்லை. எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எனக்கு இன்னும் பொறுக்கவில்லை என்பதை இன்றைய தேதியிட்டு இங்கே எழுதி வைக்கிறேன். எழுந்ததும் அவளிடமும் சொல்வேன்.